சம்பளம் கேட்ட ஸ்பைடர்மேன்

காமிக்ஸில் ஒரே ஊர்க்காரர்களாகப் பழகிய நாயகர்கள் திரைக்கு வந்தபோது ஜெயித்தது எதனால்? சறுக்கியது எங்கே?

1963-ல் வெளிவந்த ‘அமேஸிங் ஸ்பைடர்மேன்’ முதல் இதழ். பெரியப்பா கொலையுண்டுபோன வீடு. வாடகை கொடுக்க வழியில்லை. பெரியம்மா மே அடகுக் கடையில் நகையை வைப்பதை ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கிறான். முகமூடி போட்டு மேடையில் வித்தை காட்டினால், காசோலையை ‘ஸ்பைடர்மேன்’ என்ற பெயருக்கு எழுதித் தருகிறார்கள். வங்கியில் அடையாளச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதே இதழின் இரண்டாவது கதையில் அவன், ஊரே கொண்டாடும் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ குழுவின் கட்டடத்துக்குள் புகுகிறான். நான்கு பேரோடும் மல்லுக்கட்டித் தன் பலத்தைக் காட்டிவிட்டு, என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறான். இங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது, வருகிற பணமெல்லாம் ஆராய்ச்சிக்குப் போகிறது என்று சொல்கிறார்கள். பையன் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான்.

சூப்பர் ஹீரோக்கள் சந்தித்துக்கொள்ளும் எத்தனையோ கதைகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். இரண்டு தனித்தனிப் புத்தகங்களின் நாயகர்கள் ஒரே அறையில் நிற்கிறார்கள். அவர்களைச் சந்திக்க வைத்தது வீட்டு வாடகை. ஃபென்டாஸ்டிக் ஃபோர் இதழை அதுவரை கையில் எடுத்தே பார்க்காத சிறுவனுக்கும் இந்தக் காட்சி முழுசாகப் புரியும். படித்தவனுக்கோ, தெரிந்த வீட்டுக்குள் இன்னொரு பிள்ளை நுழைந்த சந்தோஷம் கூடுதலாகக் கிடைக்கும். பின்னாளில் பல நூறு கோடி டாலர் புரண்ட ஒரு சினிமா சாம்ராஜ்யத்தின் வெற்றியும் சறுக்கலும் இந்த இரண்டு வாசகர்களையும் அது எப்படி நடத்தியது என்பதில்தான் இருக்கிறது.

அன்றைக்கு இந்த இதழ்களை வெளியிட்ட மார்வெல் சின்ன கம்பெனி. அதன் இதழ்களைக் கடைகளுக்குக் கொண்டுசேர்த்ததே, போட்டிக் கம்பெனியான டிசியின் கையில் இருந்த விநியோக நிறுவனம்தான். மாதத்துக்கு எட்டு இதழ்கள் என்ற அளவில்தான் மார்வெலுக்கு இடம் கிடைத்தது. ஆசிரியர் ஸ்டான் லீயே பெரும்பாலான கதைகளுக்கு வசனம் எழுதினார். ஜாக் கிர்பியும் ஸ்டீவ் டிட்கோவும் வரைந்த பக்கங்களிலேயே கதையின் பெரும்பகுதி உருவானது. நாயகர்களில் பெரும்பாலோர் நிஜமான நியூயார்க்கில் வசித்தார்கள். ஸ்பைடர்மேனுக்கு குவீன்ஸ்; ஃபென்டாஸ்டிக் ஃபோருக்கு மன்ஹாட்டன். 1963 செப்டம்பரில் அயர்ன்மேன், தோர், ஹல்க், ஆன்ட்மேன், வாஸ்ப் ஆகியோர் சேர்ந்து ‘அவெஞ்சர்ஸ்’ ஆனார்கள். நான்காவது இதழில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து கேப்டன் அமெரிக்காவைக் கடலில் உறைந்த நிலையில் கண்டெடுத்தார்கள். இவ்வளவு பின்னலும் சிக்கலாகாமல் போனதற்கு எளிய காரணம், எல்லாமே ஒரு மனிதரின் ஞாபகத்துக்குள் அடங்கியதுதான்.

பழைய பக்கங்களில் இன்னொரு அழகும் உண்டு. யாராவது பழைய சம்பவத்தைச் சொன்னால் வசனத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும்; கட்டத்தின் அடியில் பொடி எழுத்தில், இது எந்த இதழில் நடந்தது என்று ஆசிரியர் குறிப்பு இருக்கும். வேண்டுமென்பவர் தேடிப் படிக்கலாம். வேண்டாதவர் அடுத்த பக்கத்தைப் புரட்டலாம். வாசகர் மீது சுமை ஏற்றாத இணைப்பு இது.

காலம் போகப் போகச் சுமை ஏறியது. இதழ்கள் பெருகின, ஒரு கதையை முடிக்க நான்கு புத்தகங்கள் வாங்க வேண்டிய நிலை வந்தது. டிசி 1985-ல் தன் கதைகள் நடந்த பல பூமிகளையும் ஒரே பூமியாக்கி, கணக்கைப் புதிதாகத் தொடங்கப் பார்த்தது. மார்வெல் 2000-ல் ‘அல்டிமேட்’ என்ற தனி வரிசையைத் தொடங்கி, நாற்பது வருடக் கதையை அறியாத புது வாசகருக்காக ஸ்பைடர்மேனை மறுபடியும் பள்ளிப் பையனாக்கியது. சினிமா பிற்பாடு சந்திக்கப்போகும் நெருக்கடி காமிக்ஸுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

அடகு வைத்த நாயகர்கள்

1996 டிசம்பரில் மார்வெல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அந்த நெருக்கடியை ஒட்டிய வருடங்களில் அதன் முக்கிய நாயகர்களின் திரையுரிமைகள் ஆளுக்கொரு ஸ்டூடியோவுக்குப் போய்விட்டன. எக்ஸ்-மென், ஃபென்டாஸ்டிக் ஃபோர் படங்கள் ஃபாக்ஸ் வழியாக வந்தன. ஸ்பைடர்மேன் சோனிக்குப் போனான். 2002-ல் சாம் ரெய்மியின் ‘ஸ்பைடர்மேன்’ உலகெங்கும் வசூலை அள்ளியபோதும், அந்த நியூயார்க்கில் வேறு எந்த சூப்பர் ஹீரோவும் கிடையாது. சம்பளம் கேட்கப்போகும் காட்சியை எடுக்க வேண்டுமென்றால் இரண்டு ஸ்டூடியோக்களின் வக்கீல்கள் உட்கார்ந்து பேச வேண்டும். பக்கங்களில் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்தவர்களை ஒப்பந்தக் காகிதங்கள் பிரித்துவைத்தன.

அக்காலப் படங்களில் ஒரு கூச்சமும் இருந்தது. 2000-ல் வந்த ‘எக்ஸ்-மென்’ படத்தில் வண்ண உடைகளுக்குப் பதில் எல்லோருக்கும் கறுப்புத் தோலாடை. பெரியவர்கள் காமிக்ஸ் உடையைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்ற பயம் அதில் தெரிந்தது. உல்வரினாக நடித்த ஹ்யூ ஜாக்மேன், அந்தப் பாத்திரத்தின் மஞ்சள் உடையைத் திரையில் முழுமையாக அணிய 2024-ல் ‘டெட்பூல் அண்ட் உல்வரின்’ வர வேண்டியிருந்தது. அவர் மஞ்சள் உடையில் வந்ததும் தியேட்டர்கள் ஆர்ப்பரித்தன. பொதுஜனம் காமிக்ஸை ஏற்க முதலில் தயாராகவில்லை என்று சொல்லப்படுவதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. எடுத்தவர்களுக்குத்தான் தைரியம் வர நாளானது.

அந்தத் தைரியம் கடனாக வந்தது. 2005-ல் மார்வெல், மெரில் லிஞ்ச் நிறுவனத்திடம் 52.5 கோடி டாலர் கடன் வசதி பெற்றது. ஈடாக வைத்தது பத்துத் தலைப்புகளின் திரையுரிமைகளை. கேப்டன் அமெரிக்கா, அவெஞ்சர்ஸ், பிளாக் பேந்தர், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச், ஆன்ட்மேன் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. படங்கள் தோற்றால் நாயகர்கள் கைவிட்டுப் போவார்கள். அயர்ன்மேன் உரிமையும் வேறொரு ஸ்டூடியோவிடமிருந்து திரும்பி வந்தது. முதல் படத்துக்கு அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்பைடர்மேனுக்கும் ஹல்க்குக்கும் இருந்த பொதுஜனப் பரிச்சயம் அவனுக்கு இல்லை. நாயகனாக வந்த ராபர்ட் டவுனி ஜூனியரோ போதையாலும் சிறைவாசத்தாலும் சரிந்த தொழிலை மீட்டுக்கொண்டிருந்தவர்.

2008-ல் வந்த ‘அயர்ன்மேன்’ மாற்றியவற்றைக் கவனியுங்கள். காமிக்ஸில் அயர்ன்மேனாகப்போகும் டோனி ஸ்டார்க் பிடிபடும் இடம் வியட்நாம், படத்தில் ஆப்கானிஸ்தான். காமிக்ஸில் ஜார்விஸ் ஒரு வீட்டுப் பணியாளர். படத்தில் பேசும் கணினி. காமிக்ஸில் நெடுங்காலம் அயர்ன்மேன் என்பவன் ஸ்டார்க்கின் மெய்க்காப்பாளன் என்று ஊர் நம்பியது; படத்திலோ கடைசிக் காட்சியில் ஸ்டார்க் பத்திரிகையாளர்கள் முன்னால் எழுதிக்கொடுத்த பொய்யைத் தூக்கிப்போட்டுவிட்டு உண்மையைச் சொல்லிவிடுகிறார். ஒரே வாக்கியத்தில் ரகசிய அடையாளம் என்ற நாற்பதாண்டு வழக்கம் முடிந்தது. ஆனால் தன் ஆயுதங்கள் யாரைக் கொல்கின்றன என்று கண்ணால் பார்த்துத் திருந்துகிற வியாபாரி என்ற அந்தக் கருவை இயக்குநர் ஜான் ஃபேவ்ரோ தொடவில்லை. சூழலை மாற்றி ஆளைக் காப்பாற்றியதுதான் அந்தப் படத்தின் சாமர்த்தியம்.

எழுத்துகள் ஓடி முடிந்தபின் சாமுவேல் எல். ஜாக்சன் நிக் ஃப்யூரியாக வந்து, அவெஞ்சர்ஸ் என்ற பெயரைச் சொல்கிறார். 2002-ல் ‘அல்டிமேட்ஸ்’ காமிக்ஸில் நிக் ஃப்யூரியை ஜாக்சனின் முகச்சாயலில்தான் வரைந்திருந்தார்கள். காகிதத்தில் போன முகம் திரைக்குத் திரும்பியது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான காட்சி. எழுந்துபோனவர் எதையும் இழக்கவில்லை, உட்கார்ந்திருந்தவருக்குப் பரிசு. பழைய பக்கத்தின் அடிக்குறிப்புக்குத் திரையில் கிடைத்த சரியான வடிவம் அது.

கொல்கத்தாவில் ஒரு குடிசை

2009-ல் டிஸ்னி சுமார் 400 கோடி டாலருக்கு மார்வெலை வாங்கியது. தயாரிப்புத் தலைவர் கெவின் ஃபைகி, அறுபதுகளில் ஸ்டான் லீ செய்த வேலையைத் திரையில் செய்தார். எல்லா நூலும் அவர் கையில் இருந்தது. ‘தோர்’, ‘கேப்டன் அமெரிக்கா’ இரண்டும் 2011-ல் வந்தன. அடுத்த ஆண்டு ‘அவெஞ்சர்ஸ்’.

அந்தப் படத்தின் முதல் பாதியை எழுத்துப் பயிற்சி பெறுகிறவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அதற்கு முன் ஐந்து படங்கள் வந்திருந்தன. ஆனால் இயக்குநர் ஜாஸ் வீடன் ஒவ்வொருவரையும் நாம் முதல் தடவை பார்ப்பதுபோலவே அறிமுகம் செய்கிறார். பிளாக் விடோவான நடாஷாவை நாற்காலியில் கட்டிப்போட்டு விசாரிக்கிறார்கள். போன் வருகிறது. தான் மும்முரமாக வேலையில் இருப்பதாக அவள் சலித்துக்கொள்கிறாள். அப்போதுதான் தெரிகிறது, விசாரணை நடத்துவது கட்டப்பட்டிருக்கும் அவள்தான் என்று. பிறகு நாற்காலியோடு சேர்த்து அத்தனை பேரையும் அடித்துப்போடுகிறாள்.

அடுத்து அவளே கொல்கத்தாவுக்கு வருகிறாள். அங்கே மருத்துவம் பார்த்துக்கொண்டு ஒளிந்து வாழும், கோபம் வந்தால் ஹல்க்காக மாறும் பேனரை ஒரு சிறுமியை விட்டு ஊரோரக் குடிசைக்கு வரவழைக்கிறாள். பேசிக்கொண்டிருக்கும்போது பேனர் சட்டென்று குரலை உயர்த்தி மேசையைத் தட்டுகிறார். முந்தைய காட்சியில் எதற்கும் அஞ்சாதவளாக நாம் பார்த்தவள், நொடியில் துப்பாக்கியை நீட்டுகிறாள், கை நடுங்குகிறது. அவரோ சிரித்து, என்ன செய்வாய் என்று பார்த்தேன் என்கிறார். குடிசைக்கு வெளியே ஆயுதம் தாங்கிய ஆட்கள் சூழ்ந்து நிற்கிறார்கள். பச்சை நிறப் பூதத்தை இன்னும் யாரும் காட்டவில்லை. ஆனால் அவருக்குள் இருப்பது எவ்வளவு பயங்கரம், அதை அவர் எவ்வளவு பாடுபட்டு அடக்கி வைத்திருக்கிறார் என்பது புதிதாக வந்தவருக்கும் புரிந்துவிடுகிறது. இத்தனைக்கும் முந்தைய ஹல்க் படத்தில் நடித்த எட்வர்ட் நார்ட்டன் இதில் இல்லை. மார்க் ரஃபலோ புது முகம். அந்த ஒரு காட்சிக்குப் பிறகு பெரும்பாலோர் அந்த மாற்றத்தையே மறந்துபோனார்கள். படம் 150 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

2016-ல் வந்த ‘சிவில் வார்’ இதே பாடத்தின் அடுத்த வகுப்பு. 2006-ல் மார்க் மில்லர் எழுதிய காமிக்ஸில் சண்டைக்குக் காரணம், எல்லா நாயகர்களும் உண்மைப் பெயரை அரசிடம் பதிய வேண்டும் என்ற சட்டம். ஸ்பைடர்மேன் பத்திரிகையாளர் முன் முகமூடியைக் கழற்றுவது அதன் உச்சம். திரை உலகத்திலோ ரகசியப் பெயர்களே இல்லை; 2008-லேயே அது தீர்ந்துவிட்டது. ஆகவே எழுத்தாளர்கள் மார்க்கஸும் மெக்ஃபீலியும் சட்டத்தைச் சர்வதேச ஒப்பந்தமாக்கினார்கள். ஆனால் படத்தைத் தாங்குவது அந்த ஒப்பந்தம் இல்லை. தன் தாய் தந்தையைக் கொன்றவன் தன் நண்பன் கேப்டன் அமெரிக்காவின் நண்பன் என்றும், நண்பன் அதைத் தெரிந்தே மறைத்தான் என்றும் ஸ்டார்க்குக்குத் தெரியவரும் கணம்தான். விமான நிலையத்தில் பன்னிரண்டு பேர் மோதுவதைவிட, கடைசியில் மூன்று பேர் மோதும்போது வலிப்பது அதனால்தான். நட்பு முறிவதைப் புரிந்துகொள்ள முந்தைய படம் பார்த்த தகுதி தேவையில்லை.

வில்லன் தானோஸும் அப்படியே. ஜிம் ஸ்டார்லின் எழுதிய 1991-ம் ஆண்டு ‘இன்ஃபினிட்டி காண்ட்லெட்’ காமிக்ஸில் அவன் பாதி உயிர்களை அழிப்பது, பெண்ணுருவாக வரும் மரணத்தின் மீதுள்ள காதலால். பல்லாண்டு வாசகருக்கு அது அற்புதமான கற்பனை. புதிதாக வருபவருக்கு நெடிய விளக்கம் தேவைப்படும். 2018-ல் வந்த அவெஞ்சர்ஸ் படம் அந்தக் காதலை எடுத்துவிட்டு, தன் கிரகம் வளம் தீர்ந்து அழிந்ததைப் பார்த்தவனின் கொடூரமான தர்க்கத்தை வைத்தது. அதற்கு விலையாக வளர்ப்பு மகளையே பலி கொடுக்க வைத்தது. காமிக்ஸ் ரசிகர்களில் சிலர் இதை ஏற்கவில்லை. எனக்கு இது சரியான வெட்டு. 2019 ஏப்ரலில் வந்த ‘எண்ட்கேம்’, அந்த வரிசையின் இருபத்திரண்டாவது படம். உலக வசூல் ஏறக்குறைய 280 கோடி டாலர்.

அவசரப்பட்டவர்கள்

வசூலைப் பார்த்தவர்கள் அதன் பின்னால் இருந்த பொறுமையைப் பார்க்கவில்லை. டிசி 2016-ல் எடுத்த ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ படத்தில், நாயகர்கள் மோதப்போகும் நேரத்தில் வொண்டர் வுமன் ஒரு மின்னஞ்சலைத் திறந்து, ஃப்ளாஷ், அக்வாமேன், சைபார்க் மூவரின் வீடியோத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். கதை நின்று, விளம்பரம் ஓடுகிறது. அடுத்த ஆண்டே ‘ஜஸ்டிஸ் லீக்’. தனிப்படமே பார்த்திராத மூன்று பேருக்காக மக்கள் எப்படித் துடிப்பார்கள்? இயக்குநர் ஸாக் ஸ்னைடர் குடும்பத் துயரத்தால் விலக, மிச்சத்தைத் திரும்ப எடுத்தவர் அதே ஜாஸ் வீடன். வேறு படத்துக்காக வளர்த்த மீசையோடு வந்த ஹென்றி கேவிலின் மேலுதட்டைக் கணினியில் மழித்தார்கள். அது திரையில் பளிச்சென்று தெரிந்தது. யூனிவர்சல் இன்னும் ஒரு படி மேலே போய், 2017-ல் தன் பழைய பேய்ப்படங்களையெல்லாம் இணைக்கும் ‘டார்க் யூனிவர்ஸ்’ அறிவிப்பை நட்சத்திரங்களின் குழுப் படத்தோடு வெளியிட்டது. டாம் க்ரூஸின் ‘தி மம்மி’ வந்தது. அதோடு அந்த வரிசை முடிந்தது.

மார்வெலே இந்த அவசரத்தில் வந்து விழும் என்று அப்போது நான் நினைக்கவில்லை. 2021 முதல் 2023 வரை மூன்றே ஆண்டுகளில் பத்துப் படங்கள். கூடவே டிஸ்னி பிளஸ் தளத்தில் பத்துக்கும் மேற்பட்ட தொடர்களும் சிறப்புப் படங்களும். ஒருவர் ஞாபகத்துக்குள் அடங்கும் அளவை அது தாண்டிவிட்டது. எடுப்பவருக்கும் அடங்கவில்லை, பார்ப்பவருக்கும் அடங்கவில்லை. 2022-ல் ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்’ இரண்டாம் படத்தில் வாண்டா ஏன் பிள்ளைகளுக்காக வெறிபிடித்து அலைகிறாள் என்று புரிய, ‘வாண்டாவிஷன்’ தொடரைப் பார்த்திருக்க வேண்டும்.

2023 நவம்பரில் வந்த ‘தி மார்வெல்ஸ்’ இதன் உச்சம். மூன்று நாயகியர். ஒருத்தி 2019-ன் ‘கேப்டன் மார்வெல்’ படத்திலிருந்து வருகிறாள். இன்னொருத்திக்குச் சக்தி கிடைத்தது வாண்டாவிஷன் தொடரில். மூன்றாவது பெண்ணான கமலா கான் ‘மிஸ். மார்வெல்’ தொடரிலிருந்து வருகிறாள். இமான் வெல்லானி அந்தக் கமலாவை எவ்வளவு உயிரோடு நடித்திருந்தார்! கராச்சி வேர்கள் கொண்ட ஒரு ஜெர்சி சிட்டி குடும்பம் சூப்பர் ஹீரோ படத்தின் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு மனம் நிறைந்தது. ஆனால் அந்தக் குடும்பத்தைத் தெரிந்துகொள்ளாத ரசிகருக்குப் படம் கதவைத் திறக்கவில்லை. ‘கேப்டன் மார்வெல்’ 110 கோடி டாலரைத் தாண்டியது. இதுவோ சுமார் 20 கோடியோடு நின்றது. நடிகர்கள் சங்க வேலைநிறுத்தம் வெளியீட்டுக்கு முந்தைய நாள்தான் முடிந்ததால், நடிகைகள் விளம்பரத்துக்கு வர முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். எண்ணிக்கை கூடியதில் கவனம் சிதறிவிட்டது என்பதை அப்போதைய டிஸ்னி தலைவர் பாப் ஐகரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

நம் ஊரிலும் இந்த இழையைக் கையாண்டவர் உண்டு. லோகேஷ் கனகராஜ், 2019-ல் வந்த ‘கைதி’யையும் 2022-ல் வந்த ‘விக்ர’மையும் முடிந்து, அதற்கு அடியில் 1986-ல் வந்த கமலின் ‘விக்ர’மையும் இழுத்துவந்தார். புது ‘விக்ர’மில் ரோலெக்ஸ் என்ற வில்லனாக சூர்யா வந்த சில நிமிடங்களைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, கைதியில் ஜார்ஜ் மரியான் நடித்த கான்ஸ்டபிள் நெப்போலியன் லோகேஷின் ‘லியோ’வில் வந்து நின்றது. பறக்கத் தெரியாத, பயந்த, கடமை தவறாத ஒரு போலீஸ்காரர் இரண்டு படங்களை இணைக்கிறார். கைதி பார்க்காதவருக்கு அவர் நல்ல மனிதர். பார்த்தவருக்கோ அந்த ஒரே இரவில் அவர் காட்டிய வீரம் முழுதும் ஞாபகம் வரும்.

‘எண்ட்கேம்’ தமிழில் வந்தபோது நடந்ததும் யோசிக்க வைக்கிறது. ஏ.ஆர்.முருகதாஸ் வசனம் எழுத, அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியா. பெரிய பெயர்கள் வந்தால் கூட்டம் கூடும் என்ற கணக்கு அது. ஆனால் முந்தைய தமிழ்ப் பதிப்புகளோடு வளர்ந்த ரசிகர்கள், பழைய குரலைத்தான் கேட்டார்கள். தமிழில் பார்த்தவருக்கு டோனி ஸ்டார்க் என்பவர் அந்தக் குரலும்தான். ஆளை மாற்றாமல் அடுத்த படத்துக்கு அழைத்துப்போவதே இந்த வகைப் படங்களின் உயிர் என்று அந்த ரசிகர்களுக்கு ஸ்டூடியோவைவிடத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

2025-ல் இரண்டு படங்கள் பழைய வழிக்குத் திரும்பியதைப் பார்த்தேன். ஜேம்ஸ் கன்னின் ‘சூப்பர்மேன்’ சில வரி எழுத்துகளில் நிலவரத்தைச் சொல்லிவிட்டு, நாயகன் அடிவாங்கிப் பனியில் விழுவதில் தொடங்குகிறது. உலகத்தில் மற்ற நாயகர்களும் இருக்கிறார்கள். யாரைப் பற்றியும் வகுப்பு எடுக்கவில்லை. ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்’ தன் கதையை வேறொரு பூமிக்கே கொண்டுபோய், அறுபதுகளின் தோற்றத்தில் வைத்து, நால்வரும் எப்படிச் சக்தி பெற்றார்கள் என்பதை ஒரு டிவி நிகழ்ச்சிச் சாக்கில் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. அந்தப் பூமிக்கு எண் 828. ஜாக் கிர்பியின் பிறந்தநாள் ஆகஸ்ட் 28. தெரிந்தவருக்கு நெஞ்சம் நெகிழும்; தெரியாதவருக்கு அது வெறும் எண். இணைப்பு இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் 2026 டிசம்பருக்கு அறிவிக்கப்பட்ட ‘அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே’ என்னைக் கவலைப்பட வைக்கிறது. ஃபாக்ஸ் காலத்து எக்ஸ்-மென் நடிகர்கள் வருகிறார்கள். அயர்ன்மேனாக இறந்த டவுனி, வில்லன் டாக்டர் டூமாக வருகிறார். பட்டியலைப் படித்தாலே மூச்சு வாங்குகிறது. இயக்குவது ‘சிவில் வா’ரையும் ‘எண்ட்கே’மையும் எடுத்த அதே ரூஸோ சகோதரர்கள் என்பது ஆறுதல். ‘அயர்ன்மேன்’ வந்த ஆண்டு பிறந்த குழந்தைக்கு 2026-ல் பதினெட்டு வயது. அந்தப் பிள்ளைகளில் பலர் இருபது படங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு வரப்போவதில்லை. நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று டிக்கெட் எடுத்து வருவார்கள். டூம் யார், ஸ்டார்க் யார், இருவருக்கும் ஒரே முகம் ஏன் என்பதை அந்தப் படமே முதல் அரைமணி நேரத்துக்குள் அவர்களுக்குக் காட்டியாக வேண்டும்.